பஸ் திரும்பும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸில் அவள் கால் வைத்ததும் டிரைவர், "வாங்க, கடைசி ஸ்டாப்" என்பான். பதினொரு வருஷத்தில் அதுவே அவள் பெயராகிவிட்டது. மற்ற ஆறு நாளும் அவள் ஓர் அச்சகத்தின் பின்பக்க அறையில் புத்தகம் தைப்பவள். மடித்த தாள்கள் கட்டுக் கட்டாக வரும். அடுக்கி, தட்டிச் சமன் செய்து, முதுகில் ஊசி ஏற்றித் தைத்து, பசை தடவி அடுத்த மேசைக்குத் தள்ளுவாள். நாற்பத்தேழு வயது. தனி ஆள். ஒரு தங்கை இருக்கிறாள், போதும் போதும் என்னும் அளவுக்கு இருக்கிறாள்.

கடைசி ஸ்டாப்பில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு. அதைத் தாண்டினால் மலைப்பாதை. அவள் எட்டரைக்கு ஏற ஆரம்பிப்பாள். உச்சியில் பாறை நிழலில் உட்கார்ந்து கொண்டுவந்ததைத் தின்றுவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் அணைக்கட்டு ஊருக்கு இறங்குவாள். அங்கிருந்து மூன்று மணிக்குப் பன்னிரண்டாம் நம்பர். ஞாயிறன்று அதற்குமேல் பஸ் கிடையாது. இந்தக் கணக்கில் அவளுக்கு மிச்சம் அரை மணி நேரம்தான்.

காரில் வருகிறவர்களை அவள் மனிதர்களோடு சேர்ப்பதே இல்லை. பாதி மலை ஏறுவார்கள், படம் எடுப்பார்கள், சாவியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள், வந்த வழியே இறங்குவார்கள். "முளையில கட்டின மாடு மாதிரி. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம். மலைக்கு அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே பாவம் அதுங்களுக்குத் தெரியாது" என்பாள் டிரைவரிடம்.

"நானும் ஒரு கார் வாங்கலாம்னு இருந்தேன்க்கா" என்பான் அவன்.

"வாங்கு தம்பி. நல்ல கயிறாப் பாத்து வாங்கு."

அந்த வருஷம் அந்த டிரைவர்தான் செய்தி சொன்னான். கடைசி ஸ்டாப்புக்கு ஆள் வருவதில்லை என்று மேலிடத்தில் பேச்சு. பதினைந்தாம் தேதி ஞாயிறு காலை ஓர் அதிகாரி பஸ்ஸில் வருவார், எண்ணுவார். கடைசி ஸ்டாப்பில் பத்துப் பேருக்குக் குறைவாக இறங்கினால், இனி பஸ் மார்க்கெட்டோடு திரும்பிவிடும். மார்க்கெட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி ஆறு கிலோமீட்டர், வெறும் தார்ரோடு. அதை நடந்தால் ஒன்றரை மணி நேரம் போகும், பன்னிரண்டாம் நம்பரும் போய்விடும். அவளுக்கு மலையின் அந்தப் பக்கமே போய்விடும்.

பத்துப் பேர் பிடிக்க அலைந்தாள். அச்சகத்தில் எல்லோருக்கும் அன்றைக்கென்று பார்த்து முழங்கால் வலி. கடைசியில் தங்கையும், தாள் வெட்டும் மெஷின்காரரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஊர் நடைக் கழகம் ஒன்றின் தலைவர் அச்சகத்துக்கு வந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவர். கழகம் ஒரு புத்தகம் போடுகிறது: 'காரில்லாமல் மலைக்கு: பஸ்ஸில் போய் நடக்க இருபது பாதைகள்.' முந்நூறு பிரதி. வெளியீட்டு விழா பதினைந்தாம் தேதி, கடைசி ஸ்டாப்பிலேயே.

"எண்ண வர்றாங்களாமே. எண்ணட்டும்மா. எங்க ஆளுங்களே பதினேழு பேர் இருப்போம். அந்த பஸ்ஸைக் காப்பாத்தறது எங்க பொறுப்பு" என்றார்.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி இந்தத் தொப்பியிடமிருந்து வந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக மடித்து வந்தது. இரண்டாம் கட்டின் முகப்பு பதினேழாம் பக்கம். தைக்க எடுக்கும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படும். அதில் தண்ணீர்த் தொட்டிப் பாதையின் படம். தொட்டிக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டு, அழகான எழுத்தில்: 'விசாலமான காலி இடம். கார்கள் நிறுத்த வசதி.'

அது பஸ் திரும்பும் இடம். மேலே வேறெங்கும் அந்த நீள வண்டி திரும்ப முடியாது. அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். "அடப்பாவமே. போன் போட்டுச் சொல்லிடுங்க. இன்னும் தைக்கக்கூட இல்லையே."

"நான் எதுக்குண்ணே சொல்லணும்? பஸ்ல போக வழி சொல்றவரு, பஸ் எங்க திரும்பும்னு ஒரு தடவை பஸ்ல போய்ப் பாத்திருக்கலாமே."

"அதுக்கில்ல..."

"அச்சானது அச்சானபடியே போகட்டும். ஊரே பாத்துச் சிரிக்கட்டும்."

முந்நூறு முறை அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்தாள், முந்நூறு முறை தைத்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு சின்னச் சந்தோஷம். டிரைவரிடம் எப்படிச் சொல்லிச் சிரிப்பது என்று வார்த்தைகூடக் கோத்து வைத்தாள்.

பதினைந்தாம் தேதி பஸ்ஸில் அவள், குதிகால் உயர்ந்த செருப்போடு தங்கை, மெஷின்காரர், மடியில் அட்டையும் தாளுமாக அந்த அதிகாரி. கழகத்து ஆள் ஒருவர்கூட இல்லை.

"மார்க்கெட்ல ஏறுவாங்க" என்றாள்.

மார்க்கெட்டில் ஒரு கிழவர் இறங்கினார். யாரும் ஏறவில்லை.

"நீ நம்பின ஆளுங்களைப் பாரு" என்றாள் தங்கை. "எனக்கு ஞாயித்துக்கிழமை தூக்கம் போச்சு. செருப்பு வேற கடிக்குது."

"மலைக்கு இதைப் போட்டுட்டு வந்தா கடிக்காம கொஞ்சுமாடீ."

பாலம் தாண்டியதும் டிரைவர் பிரேக்கை மிதித்தான். மேலே, அரைக் கிலோமீட்டரில், தொட்டியின் முன்னால் வரிசையாகக் கண்ணாடிகள் வெயிலில் மின்னின. அவள் எண்ணினாள். ஒன்பது கார்.

"மேல போனா திரும்ப முடியாதுக்கா. ஆளை வெச்சுக்கிட்டு அந்த வளைவுல ரிவர்ஸ் வரக்கூடாது" என்றான். கல் குவாரி வாசலில் வண்டியைத் திருப்பினான். மூன்று பேரும் இறங்கினார்கள்.

அதிகாரி தாளில் எழுதினார். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். 'கடைசி ஸ்டாப்: 0.'

"நாங்க மூணு பேர் இறங்கினோமே சார்."

"இது பாலத்துப் பக்கம்மா. கடைசி ஸ்டாப்புக்கு பஸ்ஸே போகலையே, நான் என்னத்த எழுதறது?"

மேலே விழா நடந்துகொண்டிருந்தது. பேனரில் பஸ் படம். தலைவர் அவளைப் பார்த்து முகம் மலர்ந்தார். "வாங்கம்மா. பஸ் ஏன் இன்னும் வரல? பாருங்க, இவ்வளவு லேட்டா வந்தா யாரு அதுல வருவா?"

"நீங்க ஏன் சார் பஸ்ல வரல?"

"புத்தகக் கட்டை எப்படிம்மா பஸ்ல தூக்கிட்டு வர்றது?"

"எத்தனை கட்டு சார்?"

"ரெண்டு."

அவள் ஒன்பது கார்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். நடந்ததை மெஷின்காரர் விளக்கினார். தலைவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அதனால என்ன, நாங்க பதினேழு பேர் கடைசி ஸ்டாப்லதானே நிக்கறோம். எண்ணிக்கச் சொல்லுங்க" என்றார். அவள் தைத்த புத்தகத்தையே அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

தங்கை புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். பதினேழில் நின்றாள். "அக்கா, இது உன் கையாலதானே போச்சு. நீ பாக்கலையா?"

மெஷின்காரர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார்.

அடுத்த மாதம் முதல் முப்பத்தொன்றாம் நம்பர் மார்க்கெட்டோடு திரும்பியது. முதல் ஞாயிறு அவள் இறங்கித் தார்ரோட்டில் நடந்தாள். டிரைவர் அவளைக் கடைசி ஸ்டாப் என்று கூப்பிடவில்லை. ஒரு கிலோமீட்டர் போயிருப்பாள். பின்னால் ஹார்ன்.

"ஏறுங்கம்மா, ஏறுங்க. நானும் அங்கதான்." தொப்பி.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மூன்று மணி பஸ் ஞாபகம் வந்தது. ஏறினாள். பின்சீட் முழுக்க விற்காத புத்தகங்கள். ஒரு கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தாள். சீட் மெத்தென்று இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ரெண்டாம் பதிப்பு போடலாம்னு இருக்கோம். தைக்கும்போது ஏதாவது தப்பு கண்ணுல பட்டுச்சாம்மா?" என்றார். இத்தனை விற்காமல் கிடக்கும்போது இரண்டாம் பதிப்பு.

"பதினேழாம் பக்கம் சார்" என்றாள். என்னவென்றும் சொன்னாள்.

"அடடா. முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"அப்போ கவனிக்கல சார்."

பதினொரு வருஷத்தில் அந்த ரோட்டில் அவள் சொன்ன முதல் பொய் அது. அவர் உடனே நம்பிவிட்டார். நம்பினதற்காகவும் அவரை அவளால் மன்னிக்க முடியவில்லை.

தொட்டியருகே, பஸ் திரும்பும் இடத்தில் நட்டநடுவே, காரை நிறுத்தினார். இருவரும் ஏறினார்கள். உச்சியில் அவர் படம் எடுத்தார், சாவியைத் தடவிப் பார்த்தார். "போலாமா? உங்களை வீட்டு வாசல்லயே விட்டுடறேன்."

அவள் பையைத் தோளில் மாட்டி அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்தாள்.

"அம்மா, கார் இந்தப் பக்கம்."

"தெரியும் சார்."

கீழே அணைக்கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. நேரம் சரியாக இருந்தது, பன்னிரண்டாம் நம்பர் கிடைத்துவிடும். அடுத்த ஞாயிறு அவர் நிறுத்துவாரா என்பது அவர் மனசைப் பொறுத்தது. முப்பத்தொன்றாம் நம்பருக்கு மனசு என்று ஒன்று இருந்ததே இல்லை. அது பாட்டுக்கு வந்தது, ஏற்றிக்கொண்டது. அடுத்த வாரம் அந்தத் தொப்பியைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது, நடந்துகொண்டே காறித் துப்பினாள்.