சுவர் நிழலில் கனகாம்பரம்

நிழலில் பூச்செடி வளர்ப்பதும், பதிலே சொல்லாத நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நடத்துவதும் ஒரே தொழில்தான். திருவொற்றியூரில் என் கொல்லை வெயிலை கன்டெய்னர் யார்டின் மதில் மறைத்துவிட்டது. உங்கள் வெயிலையும் எவனாவது மறைத்திருப்பான். ஆகவே தோழர்களே, கேளுங்கள்.

தழை மட்டும்

ஆயுள் முழுக்க தொழிற்சங்கத்துக்காக கேட் கூட்டங்களில் பேசிய நான், ஓய்வு பெற்றதும் மல்லியும் செம்பருத்தியும் நட்டேன். இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். இலை செழித்தது, கொசு வந்தது, மொட்டு மட்டும் வரவில்லை. பொங்கலுக்குள் பூக்காவிட்டால் கொல்லைக்குச் சிமென்ட் போட்டு மகனின் பைக்கை நிறுத்தப்போவதாக என் மனைவி கன்னியம்மா இறுதி எச்சரிக்கை கொடுத்தாள். சங்கமும் கைவிட்ட பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்த மண் ஒன்றுதான். அவளோ, "யோவ், உன் சங்கம் மாதிரியே கீது இது. தழை கீது, பூவக் காணோம்" என்றாள்.

சூரியன் பொதுச் சொத்து

இந்தத் தலைப்பில் துண்டறிக்கை அச்சடித்து, மதிலைப் பாதியாகக் குறைக்கக் கோரி யார்டு வாசலில் கொடுத்தேன். லாரி டிரைவர்கள் வாங்கி, வடையின் எண்ணெயை ஒற்றிக்கொண்டார்கள். மேனேஜர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காவலாளிதான் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "நைனா, செவுரு பாதியாச்சுன்னா வெயிலு மட்டுமா வரும்? இந்த லாரிப் புழுதி பூரா உன் வூட்டுக்குள்ளதான்."

ராயபுரம் வாசல்

ராயபுரத்தில் ஆரோக்கியசாமியின் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் மாடி வீடுகள். அங்கேயும் கனகாம்பரம் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது என்றாள் கன்னியம்மா. வேலைநிறுத்தத்தின்போது எங்களை விட்டுவிட்டு வேலைக்குப் போய், சூப்பர்வைசர் ஆனவன் அவன். அவன் வாசலில் மைக் கட்டி, கருங்காலி என்று திட்டியவன் நான்.

அதே வாசலில் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டவன், வேரோடு சில செடிகளைப் பெயர்த்துக் கொடுத்தான். வெளிச்சம் இருந்தால் போதும், மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் என்றான். கிளம்பும்போதுதான் கேட்டான்: "இன்னா மாமு, இன்னிக்கி மைக் இல்லாம வந்துகீற?"

மேஸ்திரி வந்த காலை

பொங்கலுக்கு முந்தைய வாரம் மணலும் சிமென்டும் வந்து இறங்கின. செடிகளில் பச்சைக் கதிர்கள்தான் நீட்டிக்கொண்டிருந்தன. மேஸ்திரி கரண்டியோடு கொல்லைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கன்னியம்மா குனிந்து பார்த்தாள். ஒரு கதிரின் அடியில் இரண்டு பூ விரிந்திருந்தது. பறித்துக் கொண்டையில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு சொன்னாள்: "மேஸ்திரி, கக்கூஸ் தரை பேந்து கீது. அந்தச் சிமெண்ட்ட அங்க பூசிட்டுப் போ."

எத்தனையோ போராட்டங்களில் தோற்றவன் கடைசியில் வென்றது ஒரு கருங்காலியின் தயவால் என்பதை, சங்க வரலாறு எழுதப்போகிறவர்கள் தயவுசெய்து கண்டுகொள்ளாமல் விடவும்.