எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால்

சங்ககிரியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட் போட்டோவும் எடுப்பேன். ஊர் முகத்தையெல்லாம் வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்துச் சலித்துப்போய், கேமரா லென்ஸின் முனையில் திருகி மாட்டுகிற கண்ணாடிகள் மூன்று வாங்கினேன். வளையம் போட்ட பூதக்கண்ணாடி, அவ்வளவுதான். எறும்பு எருமை மாதிரி தெரியும். உண்மையான மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டுமென்றால் கடையை விற்க வேண்டும். அதற்கு முதலில் கடையை வாங்க ஓர் ஆள் வேண்டும்.

முதலில் என் மூக்கையே எடுத்தேன். அப்புறம் சில நாள் நிலைக்கண்ணாடி பக்கமே போகவில்லை. அடுத்தது இட்லி மாவு. படத்தைப் பார்த்து "புழு!" என்று கத்தி, குண்டான் மாவு முழுவதையும் மனைவி கொட்டிய பிறகுதான் தெரிந்தது, அது என் மீசை முடி. அன்றிலிருந்து வீட்டில் என் படங்களுக்கு என்ன மரியாதை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மனைவியின் தம்பி சொந்த லாரி வைத்து ஓட்டுகிறான். அன்று லோடு ஏற்றி வடக்கே கிளம்ப இருந்தான். வண்டியைக் கழுவி, டயருக்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, சூடம் காட்டி, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. நசுங்கப் போகிற பழத்தின் கடைசிப் படத்தை எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரிடமும் சொல்லாமல் பம்பருக்கு அடியில் நுழைந்து குப்புறப் படுத்தேன்.

இந்தக் கண்ணாடிகளில் ஒரு தொல்லை. மூன்றையும் சேர்த்துத் திருகினால், நகக்கண் அகலத்துக்குத்தான் தெளிவு. லென்ஸைத் திருப்பிப் பிரயோசனமில்லை, உடம்பையே முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். என் தொப்பை ஒத்துழைக்கவில்லை. கை சறுக்கியது. பழம் மஞ்சள் புகையாகிப் போனது. அதற்குப் பின்னால், டயரின் உள்பக்கம் பளிச்சென்று வந்து நின்றது.

பெயிண்டுக்கு அடியில் ஒரு வெடிப்பு. வாய் திறந்த மாதிரி. உள்ளே கம்பி இழைகள் மின்னின.

அந்த நேரம் பார்த்து என் தலைக்கு மேலே இன்ஜின் உறுமியது.

"நிறுத்து" என்றுதான் கத்த நினைத்தேன். வாயிலிருந்து வந்தது ஆட்டுக்குட்டிச் சத்தம். எழுந்தேன், பம்பரில் மண்டை மோதியது. மனைவி என் காலைப் பார்த்துவிட்டாள்.

"அடேய், எங்கூட்டுக்காரரு வண்டிக்கடியில கெடக்கறாருடா! நிறுத்துடா!"

இன்ஜின் நின்றது. மச்சினன் குதித்து ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. நான் முழுசாக இருப்பதைப் பார்த்ததும்தான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"ஏனுங்க மாமா, எலுமிச்சம்பழம் பத்தாதுன்னு நீங்களும் படுத்துட்டீங்களா?"

"டயரு... டயரு..." கேமராவை நீட்டினேன்.

பார்த்தான், சிரித்தான். "மீசை முடியா இருக்குமுங்க."

"அவரு மூஞ்சியப் பாருடா. வெளையாட்டில்ல. போய்ப் பாரு," என்றாள் மனைவி.

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே நுழைந்தான். பெயிண்டைக் கட்டைவிரலால் தேய்க்கிற சத்தம் கேட்டது. "ஸ்ஸ்" என்றான். வெளியே வந்தபோது கட்டைவிரலில் ஒரு சொட்டு ரத்தம்.

"காலைல நான்தானுங்க மாமா பெயிண்ட் அடிச்சேன். அது மேலயே அடிச்சிருக்கேன்." டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். "முன் டயரு. தொப்பூர் மலை எறக்கத்துல, லோடோட வெடிச்சிருந்தா..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மண்டை வீங்கியிருப்பதே அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து, மச்சினன் என் கேமராவில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தான். என் மூக்குப் படத்தை ஊரையே கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தவன்.

"மாமா, இன்னும் ஒம்பது டயரு இருக்குதுங்க."

சட்டையைக் கழற்றிப்போட்டு மறுபடியும் படுத்தேன். இந்தத் தடவை லாரிச் சாவி என் மனைவியின் இடுப்பில் இருந்தது.