கொன்றவர் பெயர் இல்லாத பக்கம்

"மெர்லின் டீச்சர் போய்ட்டாவ சார்" என்று கல்லூரி அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். நெஞ்சுவலி; ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன்.

அவர் வரலாற்றுத்துறை, நான் விலங்கியல். இராஜாக்கமங்கலத்தில் அடுத்தடுத்த வீடு. மனிதர் கையால் சாகும் விலங்குகளைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்துத் தாடை பிளந்த மாட்டுக்கும் ஒரு பக்கம் எழுதுவார்: என்ன ஆயுதம், எங்கே காயம், கொன்றவர் யார். "மனுசப் பொணத்துக்கு போலீசு எழுதுகத நான் இதுக்கு எழுதுகேன், அவ்வளவுதான்" என்பார். ஆசிரியர் அறையில் அவரைக் கிண்டலடித்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

ஒருநாள் எங்கள் கொல்லையில் அடுப்பெரிக்கக் குவித்திருந்த தேங்காய்க் கதம்பை, உரித்த மட்டை, எடுக்கப்போன என் மனைவியைத் தெருநாய் கடித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. கடப்பாரையால் மண்டையில் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். மூளை சிதறி மதிலில் தெறித்தது. ஓடிவந்த டீச்சர் கத்தினார்: "தலைய எதுக்கு சார் சதச்சிய? வெறி உண்டுமான்னு இனி எத வச்சு பாப்பாவ?" மூளையைத்தான் சோதிக்க வேண்டும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர் கதம்பைக் குவியலை விலக்கினார். உள்ளே கண் திறக்காத நான்கு குட்டிகள் கிடந்தன. மனைவி ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டாள். குட்டிகளை டீச்சர் துணியில் பொதிந்து எடுத்துப்போனார்; ஒன்றும் தங்கவில்லை.

அதையும் எழுதினார். "எம் பேர போட்டுராதீங்க டீச்சர்" என்று கெஞ்சினேன்.

"நான் போட மாட்டேன். எடம் விட்டிருக்கேன். நீங்களாட்டு வந்து எழுதுங்க" என்றார்.

எழுதியதெல்லாம் புத்தகமாக வந்தபோது அந்த ஒரு பக்கத்தில் மட்டும் கொன்றவர் பெயர் இல்லை. யார் அது என்று, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரைக் கேட்டீர்கள். சிலர், அவரே கட்டிய கதை என்றும் ஏசினீர்கள். என் முன்னால்தான் ஏசினீர்கள். அவரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் அடங்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் காலி இடம்தான். அதில் எழுத வேண்டியது என் பெயர், தங்கராஜ். டீச்சர் ஓடிவருவதற்கு முன்னால் நடந்த ஒன்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அடியிலேயே நாய் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சோறு தின்ற நாய் அது. விழுந்த இடத்தில் கிடந்து, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அதன்பிறகுதான் மற்ற அடிகளையெல்லாம் அடித்தேன்.