விஜேந்திரன் வாயை மூடிய வாரம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். விஜேந்திரன் பிழைத்ததே அப்படித்தான். மாத்தளை தாண்டி நாவுலைக்குப் போகும் ரோட்டோரத்து ஸ்பைஸ் கார்டன் ஒன்றில் அவர்தான் மூத்த கைட். மிளகுக் கொடியைக் காட்டி ஜெர்மன்காரரைச் சிரிக்க வைப்பார். சாதிக்காயைப் பிளந்து இத்தாலிக்காரியை வாய்பிளக்க வைப்பார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரரின் வரிசை வீடொன்றில் பிறந்து, சாமான் தூக்கும் வேலைக்கு அங்கே போனவர், வெள்ளைக்காரர் பேசுவதைக் காதால் பொறுக்கிப் பொறுக்கியே இத்தனை பாஷையைச் சேர்த்துவிட்டார். முறையாகப் படித்த பாஷை ஒன்றும் கிடையாது, பேசாத பாஷையும் கிடையாது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அந்த வாய் ஓய வேண்டும்தானே? ஓயாது. செருப்பைக் கழற்றும்போது தொடங்கும் அன்றைய கதை சாப்பிட்டுக் கை கழுவும் வரை நீளும். நடுநடுவே "நான் என்னா சொன்னேன் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்பார். அவள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். மனைவி நிரஞ்சனி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வாள். அவள் அதிகம் பேசமாட்டாள் என்பது ஊரின் அபிப்பிராயம். விஜேந்திரனின் அபிப்பிராயமும் அதுதான்.

அந்த வருஷம் வெள்ளைக்காரக் கூட்டம் வழக்கத்துக்கு மேலே வந்தது. விஜேந்திரனின் குரல் முதலில் கரகரத்தது, பிறகு கட்டியது, கடைசியில் பழைய கதவு திறக்கிற சத்தம் மட்டும் மிஞ்சியது. கண்டியில் டொக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்து, குரல்வளையில் வீக்கம் என்றார். ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது, குசுகுசுவென்று பேசுவது அதைவிடக் கெடுதல் என்று சிங்களத்தில் அடித்துச் சொன்னார். வீக்கம் வற்றினால் தப்பினார். வற்றாவிட்டால் கத்தி வைக்க வேண்டும், வைத்தாலும் பழைய குரல் வரும் என்று அவர் வாக்குக் கொடுக்கமாட்டார்.

குரல் போன கைட்டை யார் வைத்திருப்பார்கள்? விஜேந்திரன் வழியெல்லாம் கண் கலங்கித்தான் வந்தார். ஆனால் மறுநாள் காலையிலேயே, "என்னா தம்பி, தொண்டை எப்பிடி?" என்று தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்க, "பேசக் கூடாதாம்ங்க" என்று தொடங்கி, ஏன் பேசக் கூடாது என்பதைக் கால் மணி நேரம் விளக்கிவிட்டு வந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

நிரஞ்சனி சத்தம் போடவில்லை. பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட ஏற்பாடு செய்துவிட்டு, பேக்கை எடுத்து உடுப்பை அடுக்கினாள்.

"இந்த ஊர்ல ஒங்களுக்குத் தெரியாத ஆளே இல்ல. இங்க இருந்தா வாய் நிக்காது. லெட்சுமணன் அண்ணே காலிக்கு வரச் சொல்லி எத்தன வருஷமா கூப்புடுறாரு. வாங்க போவோம்."

லெட்சுமணன் அவளுடைய பெரியப்பா மகன். தெற்கே கடலோரத்துக் காலிக் கோட்டைக்குள் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல்காரர். பின்கட்டில் சும்மா கிடந்த அறையை முதலாளியிடம் கேட்டு ஒரு வாரத்துக்கு வாங்கிக் கொடுத்தார். "மச்சான், தேனிலவுக்குத்தான் வரல, இப்பவாவது வந்தீங்களே" என்று அவர் வரவேற்றபோது, பதில் சொல்ல முடியாமல் விஜேந்திரன் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்.

அங்கே அவர் முதன்முதலாகக் கண்டது கடலை அல்ல, தன் மனைவியை. ரயிலில் இடம் கேட்டவளும் அவள்தான், ஆட்டோக்காரரிடம் சிங்களத்தில் பேரம் பேசியவளும் அவள்தான். பழைய தேவாலயத்தின் தரையில் பதித்திருந்த கல்லறைக் கற்களை மிதிக்காமல் சுற்றிப் போனாள். அங்கே காவலுக்கு இருந்த பெரியவரிடம் இதெல்லாம் யாருடைய கல்லறை என்று கேட்டாள். அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள். கேட்கக் கேட்க மனுஷர் உற்சாகமாகிவிட்டார், பூட்டிக் கிடந்த பக்கத்து அறையையும் திறந்து காட்டினார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம் என்பது விஜேந்திரனுக்குப் புதுச் செய்தி.

அவர் கையைக் காட்டினால் போதும், அவளுக்கு விளங்கியது. தண்ணீரா, நிழலா, கால் வலியா என்று இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. பேச்சு வராத பிள்ளைகளோடு பகலெல்லாம் இருப்பவளுக்கு இவர் ஒரு பெரிய பிள்ளை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் பழக்கம் அவரைக் கவிழ்த்தது. கெஸ்ட் ஹவுஸ் முற்றத்தில் ஒரு கறுவாப்பட்டை மரம். அதன் அடியில் வெள்ளைக்காரர் நாலைந்து பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். கால் தானாகப் போனது. கை தானாக ஒரு இலையைக் கிள்ளியது, கசக்கி ஒரு கிழவியின் மூக்கருகே நீட்டியது. புருவம் 'என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம்' என்று உயர்ந்தது. எல்லாரும் ஆவலாக அவர் வாயைப் பார்த்தார்கள். விஜேந்திரன் வாயைத் திறந்தார், பிறகு நடுங்கிப்போய் மூடினார். பட்டை உரிப்பதுபோல் கையால் என்னென்னவோ அபிநயம் பிடித்தார். பாவம், ஊமை மனுஷன் என்று அவர்களுக்கு இரக்கம் வந்துவிட்டது.

துவைத்த சேலையைக் கொடியில் போட வந்த நிரஞ்சனி இதைப் பார்த்தாள். சேலையைத் தோளில் போட்டபடியே வந்து அவர் பக்கத்தில் நின்றாள். தொண்டையைச் செருமினாள். இங்கிலீஷில் தொடங்கினாள்.

அத்தனையும் விஜேந்திரனுடைய பேச்சு! கறுவா, மிளகு, கராம்பு, எண்ணெய், எல்லாம் அதே வரிசையில். "இந்த எண்ணெயை மாமியாருக்குக் கொடுத்துவிடாதீர்கள், இன்னும் இருபது வருஷம் இருப்பார்" என்கிற பகிடியும் அதே இடத்தில் வந்தது, அதே இடத்தில் சிரிப்பும் வந்தது. கல்யாணமான புதிதில் ராவெல்லாம் இவளைத்தானே உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார்? தூங்கி வழிகிறாள் என்று நினைத்திருந்தார்.

ஆனால் அவர் சொல்லாத ஒன்றையும் அவள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். பட்டை உரிக்கிறவர்கள் பகலெல்லாம் குனிந்தபடி இருப்பதையும், சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவர்கள் கைவாசம் போகாததையும் சொன்னாள். "உங்கள் ஊரில் கையை விட்டுப் போகாத வாசம் எது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். கிழவி சற்று யோசித்து, தன் அப்பாவின் கையில் எப்போதும் இருந்த மீன் வாசத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள். ஸ்பைஸ் கார்டனில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த விஜேந்திரன், ஒருவரையாவது இப்படிப் பேச வைத்ததில்லை. அவருக்குப் பொறாமையாக இருக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. என் பெண்டாட்டி என்று கூவ வேண்டும்போல் இருந்தது, கூவத்தான் வழியில்லை.

ஐந்தாம் நாள் அந்தியில் இருவரும் கோட்டை மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் புல்லில் பிள்ளைகள் கிரிக்கெட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நிரஞ்சனி கடலைப் பார்த்தபடி பேசினாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இப்ப விட்டா எனக்கு வாய்க்காது. நம்ம மூத்தவ ஸ்கூல் சேர்ந்த வருஷம், மாத்தள டவுன்ல பாலர் பாடசாலைக்கு டீச்சர் எடுத்தாங்க. நான் இண்டர்வியூ போனேன். சந்தைக்குப் போறேன்னு ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டுப் போனேன், கெடைக்கலன்னா வெக்கம்னு. ஆனா கெடச்சுச்சு. வெள்ளிக்கெழமைக்குள்ள வாறதா இல்லையான்னு சொல்லச் சொன்னாங்க."

விஜேந்திரன் அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு சந்தோஷமா வந்தேன். நீங்க பிரான்ஸ்காரங்க கத சொல்லிக்கிட்டு இருந்தீங்க. முடியட்டும்னு இருந்தேன். மறுநாளும் அதே கததான், பாக்கி இருந்துச்சு. வெள்ளிக்கெழமையும் போயிருச்சு. சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். ஆனா சொல்ல எடம் கெடைக்கலங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தார். நிரஞ்சனி சட்டென்று உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"வேணாம்! அஞ்சு நாள் கஷ்டப்பட்டிருக்கீங்க, கெடுத்துக்காதீங்க. மன்னிப்புக் கேக்கணும்னு நான் சொல்லல. சொல்லணும்னு இருந்திச்சு, சொல்லிட்டேன்."

அந்தக் கையை அவர் விடவில்லை. இருட்டும் வரை பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அழுதார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுகைக்கு டொக்டர் தடை போட்டிருக்கவில்லை.

வாரம் முடிந்து, காலியிலிருந்து நேரே கண்டிக்குப் போனார்கள். டொக்டர் மறுபடியும் குழாயை விட்டுப் பார்த்தார். வீக்கம் நன்றாக வற்றியிருந்தது. "பேர் சொல்லுங்க" என்றார்.

"விஜேந்திரன்."

கரகரப்பு இருந்தது, ஆனாலும் அது அவருடைய குரல்தான். நிரஞ்சனி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கத்தி தேவையில்லை, கத்தாமல் அளவாகப் பேசினால் போதும் என்று டொக்டர் அனுப்பிவைத்தார்.

தம்புள்ளை பஸ்ஸில் இடம் கிடைத்தது. பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும் வரை விஜேந்திரன் பேசவில்லை. நிரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது.

"என்னங்க, ஒரு வாரத்துப் பேச்சு வயித்துல கட்டிக்கிட்டு நிக்குமே! இனி சொல்லுங்க, கேக்குறேன்."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அந்த இண்டர்வியூவுல ஒன்னய என்னா கேட்டாங்க?"

அடுத்து அவரே பதிலையும் சொல்வார் என்று நிரஞ்சனி காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அக்குறணைக் கடைகள் வரிசையாகக் கடந்து போயின. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மொதல்ல பேரத்தாங்க கேட்டாங்க" என்றாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தொடர்ந்தாள். "அதுக்கப்புறம், அழுற பிள்ளைய என்னா செய்வீங்கன்னு ஒரு அம்மா கேட்டாங்க. நான் சொன்னேன்..."

அன்றைக்கு உடுத்தியிருந்த சேலை, அந்த அம்மா சிரித்த சிரிப்பு, வகுப்புச் சுவரில் என்ன படம் வரையலாம் என்று திரும்பி வரும்போதே அவள் யோசித்துக்கொண்டு வந்தது, எல்லாம் வந்தன. அலவத்துகொடை போனது, மாத்தளை டவுன் போனது. அவர்கள் இறங்க வேண்டிய பஸ் ஹோல்ட் கிட்ட வந்தபோது கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நிரஞ்சனி அதைக் கவனிக்கவில்லை, சுவரில் வரைய நினைத்த யானையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். விஜேந்திரன் வாயைத் திறக்காமல், இங்கே வேண்டாம், இன்னும் தள்ளி நாவுலையில் இறங்கிக்கொள்கிறோம் என்று கண்டக்டருக்குக் கையைக் காட்டினார்.