செந்தூலில் ஒரு மலைக்கோட்டை

சில ஆண்டுகளுக்கு முன், திருச்சியிலிருந்து அப்பா எங்களோடு ஒரு மாதம் தங்க வந்திருந்தார். என் கணவருக்குக் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை. செந்தூலில், பழைய ரயில்வே பட்டறைப் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கிறோம். வந்த அன்று மாலையே அப்பா சமையலறை ஜன்னலில் நின்று, தூரத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மேலே தெரிந்த அந்தப் பெரிய டவரைப் பார்த்தார். "பரவாயில்லையே, இங்கயும் ஒரு மலைக்கோட்டை இருக்கு" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

திருச்சிக்காரர்களுக்குத் தெருப் பெயரெல்லாம் தேவையில்லை. மலைக்கோட்டை எந்தக் கைப்பக்கம் தெரிகிறது என்று பார்த்தே வீடு வந்து சேர்ந்துவிடுவோம். அப்பா அந்த வித்தையை இங்கேயும் காட்டுவார் என்று நான் கனவா கண்டேன்?

ஒரு வெள்ளிக்கிழமை காலை இன்சுலின் போட்டுக்கொண்டு, இரண்டே இட்லியோடு எழுந்து நடக்கக் கிளம்பினார். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்க்கும்போது உச்சிவேளை நெருங்கியிருந்தது. அவரைக் காணோம். போன் அடித்தேன். அது டிவி பக்கத்தில் சார்ஜில் கிடந்து அடித்தது.

சாப்பாடு தள்ளிப்போனால் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். ஒருமுறை திருச்சி பஸ் ஸ்டாண்டில் அப்படியே சரிந்து விழுந்தவர் அவர்.

கீழே ஓடினேன். அவர் தினமும் நடக்கும் சாலையைப் புதுக் கட்டட வேலைக்காகத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். இந்த ஊரில் ஒரு வழி அடைபட்டால் அடுத்த திருப்பம் நேரே ஹைவேயில் கொண்டுபோய்த் தள்ளும். எதிரே தெரிகிற கட்டடத்துக்குப் போகக்கூடக் காரில் ஊரைச் சுற்ற வேண்டும். நடக்கிறவனை நினைத்து வளர்ந்த ஊர் இல்லை இது. கணவர் ஆபீசிலிருந்து கிளம்பிக் காரில் ஒரு பக்கம் தேட, நான் இன்னொரு பக்கம் நடந்தேன். ஓரிடத்தில் நடைபாதை புல்லில் போய் முடிந்தது. அதற்கு மேல் லாரிகள்தான். அவர் சட்டைப் பையில் ஒரு மிட்டாயாவது இருக்காதா என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வாழையிலை, சோறு, சாம்பார், பாயசம். நடுவில் வாய் நிறைய உணவோடு அப்பா! கீழே எழுதியிருந்தது: "இந்த அங்கிள் யார் வீட்டு அங்கிள்? கிச்சன் ஜன்னல்ல பெரிய டவர் தெரியுமாம். கோயில்ல சாப்பிடுறாரு. மெதுவா வாங்க."

எத்தனை குழு தாண்டி வந்ததோ அந்தப் படம். நடுரோட்டில் அழுதுகொண்டே சிரித்தேன்.

கோயிலில் அன்னதானப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவரைக் கண்டெடுத்தது பக்கத்துப் பழைய பிளாட்டில் இருக்கும் ஓர் அக்கா. அன்னதானத்துக்குத் தேங்காய் பத்தாமல் பாசார் என்கிற சந்தைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாராம்.

"ஹைவே ஓரமா வேட்டியப் பிடிச்சிக்கிட்டு நடக்கிறாரு, பயந்துட்டேன் லா! வீடு எங்கன்னு கேட்டா டவரக் காட்டுறாரு. அது கே.எல்.ல எல்லார் வீட்லயும்தான் தெரியுது. கை வேற நடுங்குச்சு. மொதல்ல சாப்பிடட்டும், வீட்ட அப்புறம் தேடிக்கலாம்னு கூட்டிட்டு வந்துட்டேன்."

வீட்டைத் தேடிக்கொண்டு சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பாவுக்கோ வேறு கவலை. "நான் மலைக்கோட்டைய இடது கைப்பக்கம் வச்சு ஒழுங்காத்தான் நடந்தேன். ரோடுதான் வளைஞ்சு போச்சு" என்றார். பந்தியே சிரித்தது.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அக்கா விடவில்லை. "தேங்க்ஸ் எல்லாம் வேணாம் தங்கச்சி. காய் நறுக்க ஆள் பத்தல. அடுத்த வெள்ளிக்கிழம வாங்க."

அன்றிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். தகரத்துக்குப் பின்னால் எழும்பிய கட்டடம் இப்போது எங்கள் ஜன்னலை மறைத்து நிற்கிறது. டவர் தெரிவதில்லை. "அடையாளம் போச்சே, அடுத்த தடவ எப்படி வீடு வந்து சேருவேன்?" என்று அப்பா போனில் கேட்கிறார். யாரிடமாவது கோயிலுக்கு வழி கேட்டுப் போய், வெள்ளிக்கிழமை காய் நறுக்கும் பெண்ணின் அப்பா என்று சொல்லுங்கள், முதலில் சோறு போட்டு, பிறகு வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள் என்கிறேன். அப்படிச் சொல்ல முடிகிற நாளிலிருந்துதான் இது எனக்கும் சொந்த ஊர்.