அக்கிலிஸின் தாய்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த மறு வருஷம், ஒரு சனிக்கிழமை. ஆம்பூரில் உறவினர் கல்யாணம் முடிந்து, காலை ஏழேகாலுக்கு வேலூர் பஸ் ஏறினேன். முப்பது மைல், டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். காட்பாடியில் பகல் ரயிலைப் பிடித்துச் சென்னை திரும்புவதாக எண்ணம்; அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. பக்கத்து இருக்கையிலிருந்து வந்த தோல் வாடை தாங்காமல் மூக்கைப் பொத்தினேன். அங்கே இருந்தவர் அதைப் பார்த்துவிட்டார். வெட்கமாகப் போயிற்று.

அவர் பெயர் எதிராஜ். தோல் பதனிடும் ஷாப்பில், முடி உதிரத் தோலை முக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை. மடியில் எட்டு வயது மகள் செல்வி. முந்தின நாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவள், அவர் தரையில் சாய்த்து வைத்திருந்த, தோலில் சதை சீவும் கத்தியில் குதிகாலின் பின்புறத்தை அறுத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட அந்தக் குதிகாலை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

மாதனூர் தாண்டியதும் ஆம்பூர் டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டினார்.

“இன்னா சார் எழுதிக்கீது? புள்ள நடக்குமா?”

குதிகால் நரம்பு அறுந்திருப்பதாக எழுதியிருந்தது. நடப்பாளா என்று எழுதவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், அந்த நரம்புக்கு இங்கிலீஷில் ‘அக்கிலிஸ்’ என்று பெயர் வந்த கதையைச் சொன்னேன். கிரேக்க தேசத்தில் ஒரு தாய், மகனை எந்த ஆயுதமும் தாக்கக்கூடாதென்று குழந்தையிலேயே மந்திர ஆற்றில் முக்கினாள். பிடித்திருந்த குதிகாலில் மட்டும் தண்ணீர் படவில்லை. வளர்ந்து பெரிய வீரனான அக்கிலிஸ், அங்கே அம்பு பட்டுத்தான் செத்தான். பலசாலியின் ஒரே பலவீனத்தை ‘அக்கிலிஸின் குதிகால்’ என்று சொல்வது இதனால்தான்.

எதிராஜ் கோபப்பட்டார். “கைய மாத்திப் பிடிச்சி இன்னொரு தபா முக்கறதுதானே? தோலையே நாங்க அப்படித்தான் முக்குவோம். பிடிச்ச எடத்துல சுண்ணாம்பு ஏறாது, முடி நின்னுடும்.”

“வகுப்பில் நானும் அவளை அசடு என்றுதான் சொல்வேன்” என்றேன்.

ஒன்பது மணிக்கு வேலூர். அவர்களை விட்டுப் போக மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். பதினொன்றரைக்கு ஆபரேஷன் அறை வாசலில், “காலை விடுங்கப்பா” என்றாள் நர்ஸ். எதிராஜ் விடவில்லை. அவள் விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

ரயில் போய்விட்டது. மூன்று மணிக்கு டாக்டர் வந்து, நரம்பைச் சேர்த்தாயிற்று, நடப்பாள் என்றார். எதிராஜ் கும்பிட்டார்.

பிறகு சொன்னார்: “கைய மாத்தணும்னா நடுவுல ஒரு நொடி விடணும் சார். தோலுன்னா விடலாம். பெத்தவ எப்படி விடுவா?”

ராத்திரி ரயிலைப் பிடிக்க, ஐந்து மைல் தள்ளிக் காட்பாடிக்கு ஜட்கா வண்டியில் போனேன். இருபது வருஷமாக அந்தத் தாயை அசடு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை வகுப்பில் முதல் காரியமாக அதைத் திருத்த வேண்டும்.