அப்பாவும் சிறுகுறிஞ்சான் இலையும்

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு வெல்லத்தை வாயில் போட்டால் ஆற்று மணலை மெல்வது போலத்தான் இருக்கும். செத்த நேரத்துக்கு நாக்கில் இனிப்பே ஏறாது. கன்னிவாடியில் எங்கள் தக்காளிக் காட்டு வேலியில் அந்தக் கொடி தானாகப் படர்ந்து கிடந்தது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, அப்பாவுக்கு மருந்து.

அப்பாவுக்குச் "சீனி வியாதி". திண்டுக்கல் டாக்டர் கொடுத்த மாத்திரையோடு, விடியலில் இந்த இலையையும் மென்று, ஒரு துணுக்கு வெல்லத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார். இனிக்காவிட்டால் உடம்புச் சீனியும் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவார். எங்கப்பா கூறுகெட்டவர் இல்லை. கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்தே எந்தப் பயிருக்கு ஆகும் என்று சொல்லக்கூடியவர், அதனால் நாக்கை நம்பினார்.

அந்தத் தைரியத்தில் மாத்திரையை நிறுத்தினார்.

"விட்றாதீக, டாக்டர் திட்டுவாரு" என்றாள் அம்மா.

"அந்தாளு ரத்தத்தப் பாக்குறாரு, நான் நாக்கப் பாக்குறேன். அம்புட்டுத்தான்!"

கோயில் பொங்கலன்று இலையை மென்றுவிட்டு, நாக்கில் ஏறாத சீனி உடம்பிலும் ஏறாது என்று சர்க்கரைப் பொங்கலை வாங்கி வாங்கித் தின்றார். பிறகு குடம் குடமாய்க் குடித்தும் தாகம் அடங்கவில்லை. அவர் ஒதுங்கிய வேப்பமரத்தடியில் எறும்பு மொய்த்ததை நான் போய்ச் சொன்னதும், மூத்திரத்திலேயே சீனி இறங்குகிறது என்று அம்மா பதறினாள். மறுநாள் உச்சிவெயிலில் பாத்திக்குள்ளேயே சாய்ந்துவிட்டார்.

தக்காளி ஏற்றிய லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்; கூடைகளுக்கு நடுவே, அம்மா மடியில் தலை வைத்துக் கிடந்தார். "ஏ புள்ள, கண்ண மூட விடாத, பேச்சுக் குடு!" என்று அம்மா அலற, வாயில் வந்ததையெல்லாம் நான் கேட்டுக்கொண்டே வந்தேன். முதலில் பேர் சொன்னார், பிறகு நாக்குக் குழறியது, செம்பட்டி தாண்டியதும் பதிலே வரவில்லை.

ஊசியும் "மருந்துத் தண்ணி"யும் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். கண் விழித்தவரிடம் டாக்டர் சொன்னார்: "அந்த எலை ஒம்ம நாக்கைத்தான்யா மரக்க வச்சுச்சு. ரத்தத்துல சீனி அப்பிடியே கெடந்துச்சு."

அதன்பின் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிற வரைக்கும் அம்மா அவருக்குக் காப்பி கொடுத்ததில்லை.

இப்போது சீனி எனக்கும் வந்துவிட்டது. அந்த வேலி போய்க் காம்பவுண்டுச் சுவர் எழும்பியதில் கொடியின் வேர்கூட மிச்சமில்லை. இலை மட்டும் பொடியாகி டப்பாவில் வருகிறது. அதன் சாற்றிலிருந்து மருந்தெடுக்கப் படித்தவர்கள் சோதிக்கிறார்களாம். சோதிக்கட்டும்; சரியென்று டாக்டர் சொன்னால் முதலில் வாங்குகிறவள் நான்தான்.

போன வாரம் கடைக்காரர் அந்த டப்பாவை நீட்டி, "இதச் சாப்பிட்டா மாத்திரையே வேணாம்மா" என்றார்.

"யாரு ரத்தத்தப் பாத்துப்பா சொல்ற?" என்று கேட்டேன்.

அவர் பக்கத்து ஆளுக்கு மிளகாய் நிறுக்கப் போய்விட்டார்.